இருபது பைட்

அஸ்தம்பட்டி ரவுண்டானா அடங்கிய பிறகு
இரண்டாம் மாடியில் எங்கள் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
மலைக் காப்பி, மிளகு விவசாயிகள் சங்கம்:
பழைய சர்வரிலிருந்து புதியதற்குக் குடிபெயர்ப்பு.
நாலாயிரத்துச் சொச்சம் பேர்
ஒழுங்காக வந்து இறங்க,
தமிழில் பதிந்திருந்த நானூற்றுப் பதிமூன்று பேர்
பாதிப் பெயரோடு நின்றார்கள்.

தங்கம்மாள் தங்கமாகிவிட்டாள்.
காவேரியம்மாளில்
காவேரி மட்டும் மிச்சம்.
சேர்வராயன், சேர்வர.
ஒவ்வொரு பெயரின் நுனியிலும்
கறுப்பாக ஒரு கட்டம், உள்ளே கேள்விக்குறி.

முபாரக்தான் கண்டுபிடித்தான்.
பெயருக்கு இருபது பைட் போதும் என்று
எவனோ அளந்து வைத்திருக்கிறான்.
ஆங்கிலத்துக்குத் தாராளம்.
நமக்கு எழுத்துக்கு மூன்று,
கொம்புக்கு மூன்று, காலுக்கு மூன்று,
தலையில் வைக்கும் புள்ளிக்கும் அதே மூன்று.
ஆறு நுழைந்து, ஏழாவதன் உடம்பில்
கதவு சாத்தியிருக்கிறது.

பேக்கப் எடுத்தோமே, என்றேன்.
எடுத்திருந்தோம்,
வெட்டுப்பட்ட பிறகு.
வெட்டுப்பட்டதையே மூன்று பிரதி, வெகு பத்திரமாக.
பழைய சர்வரை வெள்ளிக்கிழமையே துடைத்து
எடைக்குக் கொடுத்தாகிவிட்டது.

செயலர் லூர்துநாதன்
பழைய விண்ணப்பங்களைக் காப்பிச் சாக்கில் கட்டி
கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தும்
காகிதம் குளிர் விடவில்லை.
பிரித்தால் மிளகு நெடி, முபாரக்குக்கு அடுக்குத் தும்மல்.
அவன் வாசிக்க நான் தட்ட,
நான் வாசிக்க அவன் தட்ட,
விடியும்போது முந்நூற்றுத் தொண்ணூறு.
மீதி இருபத்து மூன்றைக்
கரையான் எங்களுக்கு முன்பே படித்து முடித்திருந்தது.

ஆறரைக்கு போன் போடத் தொடங்கினேன்.
செம்மநத்தத்தில் பாறைமேல் ஏறினால்தான் டவர்;
ஏறியிருந்தாள், மூச்சு வாங்கியது.
"பொன்னுருவி. சரியா எழுது.
குருவி இல்ல, உருவி."
எழுதினேன்.
"வீட்டுக்காரர் பேரு 'ஆண்டிய' வரைக்கும்தான் இருக்கும்மா.
ஆண்டியப்பனா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று.
ஆடோ மாடோ, கழுத்து மணி ஒன்று.

"பாதியில போனவன்.
பாதியிலயே நிக்கட்டும்."

முபாரக் என்னைப் பார்த்தான்.
விதிப்படி அந்தக் கட்டம் நிறைந்திருக்க வேண்டும்;
எவ்வளவு நிறைய வேண்டுமென்று விதியில் இல்லை.
நுனியில் ஒட்டியிருந்த இரண்டு பைட் குப்பையை மட்டும்
நறுக்கிவிட்டு
சேமி என்றேன்.
சரிபார்ப்பு ஓடியது. பிழை பூஜ்யம்.

ஒன்பது மணிக்கு அதே எண்.
மனசு மாறிவிட்டாளோ என்று
டீயைக் கவிழ்த்துக்கொண்டு எடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்.
மிளகு மானியம்
எப்ப ஏறும்?"