கொக்கு ஒன்று, விலை இல்லை

கம்பனி தந்த ஓடர் புத்தகத்தில்தான் எழுதுகிறேன்.
வேறு கொப்பி வாங்கவில்லை.
வெள்ளைத் தாள் கடைக்காரருக்கு,
மஞ்சள் மட்டக்களப்பு ஒபிசுக்கு,
மஞ்சளில் மொத்தத் தொகைக்குக் கீழே மிஞ்சும்
நாலு விரல் இடம் எனக்கு.

மண்முனைப் பாலத்தில் காற்று,
சைக்கிளை இறங்கி உருட்டிய பெண்ணின் குடை
அவளுக்கு முன்னே போனது.
கொக்கட்டிச்சோலை தாண்டினால்
பாதி றோட்டில் நெல் காய்கிறது,
மீதிப் பாதியில் நாங்கள் காய்கிறோம்.
வெல்லாவெளியில் நேற்றிரவு யானை.
வேலிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்
தண்ணி மோட்டர் வேண்டாம் என்றார்,
"வேலி விக்கிறீங்களா?"
பாடும் மீனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
இந்தப் பக்கம் வந்தவரெல்லாம் எழுதிவிட்டார்கள்,
நான் கேட்டதுமில்லை.

மண்டூர்த் துறையில் பாதை அக்கரையில் நின்றது.
மோட்டார் சைக்கிள் இருக்கையில் புத்தகத்தை வைத்து
ஒரு கொக்கு வரைந்தேன்.
கீழே எழுதினேன்:
ஆறு கடை. ஒருவரும் பெயர் கேட்கவில்லை.
கம்பனிப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள்.
கார்பன் தாளை அடியில் செருகியிருந்ததை
மறந்துபோனேன்.

சம்மாந்துறைக்கு வர இருட்டு. கரண்டும் இல்லை.
ஜெஸீமாவின் கடையில்
போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
ரெண்டு அங்குல மோட்டர் இரண்டு, வால்வு ஆறு
என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் நிந்தவூரில் தேத்தண்ணி ஆற
அழைப்பு வந்தது.
"மோட்டர் சரி. வால்வும் சரி.
இந்தக் கொக்குக்கு விலை போடல்லியே?"

எனக்குக் காது சுட்டது.
மன்னிக்கச் சொன்னேன், வேறு பில் தருவதாகச் சொன்னேன்,
கம்பனிக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.
அந்தப் பக்கம் யாரோ ஆணி நிறுக்கும் சத்தம்.
பிறகு,
"வேறு பில் வாணாம். உங்கட பேரென்ன?"

கிருபைராசா என்றேன்.
ஒரு வருசமாய் விசிட்டிங் காட்டில் மட்டும் இருந்த பெயர்,
வாயில் கொஞ்சம் நீளமாய் இருந்தது.
"கிருபைராசா, கொக்குட கால் இப்பிடி மடங்காது,
வயலுக்க நிண்டு பாருங்க" என்றுவிட்டு
வைத்துவிட்டார்.

பார்த்தேன். மடங்காதுதான்.

இப்போது கார்பனை எடுத்துவிட்டே எழுதுகிறேன்.
அநேகமாக.

மாத முடிவில் புத்தகம் ஒபிசிலிருந்து திரும்பி வந்தது.
மஞ்சள் தாளில்,
என் கொக்கின் அலகுக்கு எதிரே
கணக்காளர் சிவப்புப் பேனையால் போட்ட கேள்விக்குறி,
கழுத்தை வளைத்துக்கொண்டு
ஒற்றைக் காலில் நிற்கிறது.
என்னுடையதைவிட நல்ல கொக்கு.