ஏழாம் இலக்கம்

வாடகை ஒப்பந்தத்தில் ஏழாம் இலக்கம்:
பெரிய டிவி ஒன்று, இயங்கும் நிலையில்.

இப்போது செய்தி வாசிப்பவளுக்கு
மூன்று மூக்கு.
சிவப்பு மூக்கு இடப்பக்கம் விலகிவிட்டது,
நீலம் மேலே வளைந்து போகிறது,
பச்சை மட்டும் இருந்த இடத்தில் இருந்து
தென்கரையில் மழை என்கிறது.

மாதக் கடைசியில் வீடு மாறுகிறோம்.
மூன்று மாத அட்வான்ஸ்
ஸ்காபரோவில், குலவீரசிங்கத்தின் கையில்.
'போத்தல் பேப்பர்காரனுக்குக் குடும்' என்றார் இவர்.
அவன் மூன்று மாடி ஏறி வந்தான்,
பெட்டியை ஒருதரம் சுற்றினான்,
படியின் அகலத்தைச் சாணால் அளந்து
சிரித்துவிட்டு இறங்கிப் போனான்.

முதலாம் குறுக்குத் தெருவில் ரிஸ்மி
நான் சொல்லி முடிக்கவே விடவில்லை.
'மூணு கலரும் பிரிஞ்சிட்டா? ஐசி ரெண்டும் போயிரிக்கும்.'
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தேடினான்.
ஒரிஜினலா?
'டூப்ளிகேட்தான். ஆனா நல்ல டூப்ளிகேட்.'
பிறகு, மிச்சக் காசை எண்ணியபடி:
'பிளக்கக் கழட்டினாலும் உள்ளுக்குக் கரண்ட் ஈக்கும்.
ஒரு ராவு உடுங்க.
கை வெக்கிற நேரம் மத்தக் கை
முதுகுக்குப் பின்னால.'

ஒரு இரவு விட்டேன்.

பின்பலகைக்குப் பதினான்கு ஆணி,
கடற்காற்றில் எல்லாம் துருவேறி.
உள்ளே
பல்லி முட்டைக் கோது இரண்டு,
தூசிக் கம்பளம்,
நீலக் குழாயின் முன்னே குளிர்திரவம்
மழைக்கால வெள்ளவத்தைக் கால்வாயாய்க் கலங்கி.
ஒரு பால்பல்.
கூரை இல்லாத மூன்றாம் மாடியில்
விழுந்த பல்லை எங்கே எறிவது?
காற்றுத் துளையால் போட்டிருக்கிறது யாரோ பிள்ளை.

சாய்ந்து கிடந்த பெரிய கண்ணாடியில்
டோர்ச்சைப் பல்லால் கடித்தபடி
தலைகீழாக நான்.
ஒரு கை முதுகில்,
தாமதமாய் வந்து அதிபர் முன் நிற்பதுபோல.

பலகையைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தேன்.
ஐசி ஒவ்வொன்றுக்கும் பதினெட்டுக் கால்.
இருபத்தைந்தாவது காலில்
பாணந்துறை ரயில் போனது. மேசை நடுங்கி
இரண்டு கால் ஈயத்தில் ஒட்டிக்கொண்டன.
உறிஞ்சி எடு.
மறுபடி.

மூடமுன் பல்லை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
ஒப்பந்தத்தில் அது இல்லை.
பதினான்கில் பதின்மூன்று ஆணிதான் திரும்பக் கிடைத்தது.

சுவிட்சைப் போட்டால்
ஒரு 'க்ளிக்'. பிறகு ஒன்றுமில்லை.
பிறகு, நான் எழும்பப்போன நேரம்,
கட்டம் கட்டமாய்க் கோடுகள்.
ரிமோட்டால் சிவப்பைத் தள்ளினேன்,
நீலத்தை இறக்கினேன்.
மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில்
நிறமே இல்லாமல் போனது, வெறும் வெள்ளை.
நடு சரி, மேல் சரி, வலம் சரி.
இடக் கீழ்மூலையில் மட்டும் ஒரு மயிரிழை சிவப்பு
ஒரு மணிவரை தள்ளியும் வரவில்லை.
விட்டுவிட்டேன்.

விடியப்புறம் வீடியோக் கோல்.
'பிள்ளை, ஒண்டும் தெரியேல்லை. இருட்டாக் கிடக்கு.'
போனை உயர்த்தினேன், பக்கம் மாறினேன்.
'நிண்டு காட்டினால் தெரியாது.
நேரே. நிலத்தில இருங்கோ.'
இருந்தேன்.
அங்கே பேச்சில்லை.
பிறகு:
'அந்த மூலைச் சிவப்பு...'
நான் மூச்சுவிடவில்லை.
'அது வாங்கேக்கையே அப்பிடித்தான்.
காசு திங்கக்கிழமை போடுறன்.'

தேத்தண்ணியோடு குசினி வாசலில் இவர்,
பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்க்கிறார்.
'என்ன, திரும்பவும் செத்துப்போச்சோ?'
பாயில் கொஞ்சம் தள்ளி இருந்தேன்.
'அங்க நிண்டால் தெரியாது.
இஞ்ச வந்து இருங்கோ.'