ஓர் எட்டு

டர்பனில் இன்றைக்கும் மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்தது.
மைனஸ் எண்பதில் கிடக்கும் பெட்டியின் சிவப்புக் கண்
பச்சையாகும் வரை
நொகுகான்யா அதன் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்,
உள்ளே இருப்பது எழுந்து வந்துவிடும் என்பதுபோல.

வராது.
வெறிநாய்க் கிருமிதான். ஆனால்
இருக்கிற ஐந்து மரபணுவில் ஒன்றைப் பிடுங்கியாயிற்று.
அணு விட்டு அணு போக
அது மாட்டிக்கொள்ளும் சட்டை அந்த ஒன்று.
பிடுங்கிய இடத்தில் ஒளிரும் பச்சையைத் தைத்திருக்கிறோம்.
நாங்கள் குறித்துவைத்த அணுக்களில் மட்டும்
சட்டை ஒன்று கொடியில் தொங்கும்.
புகுந்து, போட்டுக்கொண்டு,
அந்த அணுவுக்குச் சேதி சொன்னது எதுவோ
அதனிடம் ஓர் எட்டு, பின்னோக்கி.
அங்கே மாற்றுச் சட்டை இல்லை.
புள்ளி வைத்த எழுத்தாய்
நின்றுவிடும்.
நின்ற இடத்தில் பச்சையாய் எரியும்.

தேடுவது தாகத்தை.
உப்புத் தின்ற எலி
குழாய் நுனியை நக்கப் போகும் அந்த நொடிக்கு முன்
மூளைக்குள் யார் யாரிடம் பேசினார்கள் என்று.
ஏழாம் நாள் சீவுகிறேன்,
வெங்காயச் சருகு கனத்தில் தொண்ணூறு சீவல்.
கண்ணாடியில் பரப்பிப் பார்த்தால்
இரவில் ஃபீனிக்ஸ் மேட்டு வீடுகள் மாதிரி
அங்கொன்றும் இங்கொன்றுமாய் விளக்கு.
நொகுகான்யா எண்ணுவாள். நான் எழுதுவேன்.

தொண்ணூற்றாறில், வெருலத்தில், பள்ளி விடுமுறை.
கரும்புக்காட்டு ஓரம், போகக்கூடாது என்று சொன்ன இடம்.
குட்டிக்கு நாங்கள் வைத்த பேர் பிஸ்கட்.
குபேந்திரனின் குதிகாலில் கடித்தது.
கோழி கொத்திய அளவுக்குக்கூட இல்லை.
"அப்பா தோலை உரிச்சிடுவாரு. சொல்லாதடா பூபாலா."
எனக்கு ஒன்பது வயது.
வாக்குத் தவறாதவன்.

குதிகாலிலிருந்து அது நரம்புக்குள்
எதிர்நீச்சலில் ஏறிய ஐந்து வாரமும்
கிரிக்கெட் ஆடினோம்.
நன்றாகத்தான் ஓடினான்.

பிறகு ஆஸ்பத்திரியில்
டம்ளரைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினானாம்.
தண்ணி தண்ணி என்று கேட்டவனும் அவனேயாம்.
பார்க்க விடவில்லை.
எனக்குக் கிடைத்தது அந்த 'ஆம்' மட்டும்.

அவன் அப்பா மில் சட்டையோடு எங்கள் கேட்டில் நின்றார்.
டாக்டர் கேட்கச் சொன்னாராம்:
நாய் கீய் ஏதாவது?
இல்லை என்று தலையாட்டினேன்.
சொல்லியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான், அன்றைக்கு.
அதற்கு ஐந்து வாரம் முன்னால்
சொல்லியிருக்கலாம்.

வருடா வருடம் எனக்கு ரத்தம் எடுக்கிறார்கள்,
தடுப்பூசி இன்னும் உள்ளே விழித்திருக்கிறதா என்று பார்க்க.
விழித்துத்தான் இருக்கிறது.
படிவத்தில் ஒரு கேள்வி:
முன்பு எப்போதாவது தொடர்பு?
கட்டத்தைக் காலியாக விடுவேன்.
யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

மின்சாரம் வந்தது. ஜெனரேட்டர் அடங்கியதும்
தொட்டிக் குழாய் சொட்டுவது கேட்டது.

"இங்க வா," என்றாள் நொகுகான்யா.
"மற்றதெல்லாம் இருபது, முப்பதில் போய் நிக்குது.
இது ஒரே ஒண்ணு.
பிழையா இருக்கும். விட்டுடவா?"

குனிந்து பார்த்தேன்.
கைகளை விரித்தபடி ஒரு பச்சை அணு.
அதற்கு அப்பால் இருட்டு.

எண்ணிக்கொள், என்றேன்.