கணுக்கால் ஆழம்

வில்லாபுரத்தில்
அட்டைப்பெட்டி கம்பெனி காலி செய்துபோன கூடம்
எங்கள் ஸ்டுடியோ.
பசை வாடை இன்னும் போகவில்லை.
பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
ஃப்ளெக்ஸ் அடிப்பீங்களா என்று
வாரம் இரண்டு பேராவது வருகிறார்கள்.
இல்லை என்கிறோம்.
அப்ப என்னதான் செய்வீங்க என்றால்
ஒரு வரியில் சொல்ல எங்களிடம் பதில் இல்லை.
டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறோம்.

ரிங் ரோட்டில் ஹோட்டல் கட்டும் தவமணி
முப்பதுக்கு இருபது அறை ஒன்றைத் திறந்து காட்டினார்:
"இதுக்குள்ள வைகை ஓடணும்.
ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

கூரையில் ஆறு புரொஜெக்டர்கள்.
மூலைக்கு மூலை
ஆளின் அசைவை மோப்பம் பிடிக்கும் சென்சார்.
ஆனந்தவல்லி நீருக்கு நிரல் எழுதினாள்:
கால் வைத்தால் விலக வேண்டும்,
எடுத்தால் மூடிக்கொள்ள வேண்டும்,
ஓடிவரும் குழந்தைக்கு மட்டும் கூடுதலாக ஓர் அலை.
முதல் பதிப்பில் நீர் விளக்கெண்ணெய்போல நகர்ந்தது.
மூன்றாவதில் எலி மாதிரி சுவரோரம் ஓடியது.
ஒன்பதாவதில்
அவளே சுடிதார் நுனியைத் தூக்கினாள் ஒரு கணம்,
நான் பார்ப்பதைப் பார்த்துக் கீழே விட்டாள்.
அதற்குமேல் யாரும் நிரலைத் தொடவில்லை.

ஒலி என் பொறுப்பு.
மைக்கோடு ஆற்றுக்குப் போனேன்.
பாலத்துக்கு அடியில்
பையன்கள் வைடு பாலுக்குச் சண்டை போட்டார்கள்.
நிழலுக்கு ஒதுங்கிய வேன்கள்,
கட்டாத குதிரை ஒன்று,
மேலே ஷேர் ஆட்டோக்களின் ஹாரன்.
ஆறு இருந்தது.
அதன் சத்தம் மட்டும் வெளியூர் போயிருந்தது.

செல்லூரில் மாநகராட்சித் தண்ணீர் லாரி
வால்வு கெட்டு ஒழுகிக்கொண்டிருந்தது.
அடியில் மைக்கை நீட்டிப் படுத்தேன்.
டிரைவர் ஜாகிர் ஓடிவந்தார்:
"மன்னிச்சுக்கங்க சார், இப்பவே அடைச்சிர்றேன்."
"பத்து நிமிஷம் அண்ணே. அப்படியே விடுங்க."
என்னை அவர் பார்த்த பார்வையைப்
பதிவு செய்ய முடியவில்லை.
ஒழுக்கின் வேகத்தைக் குறைத்தேன்,
மூன்று அடுக்காக்கினேன்,
இடப்பக்க ஸ்பீக்கரில் கொஞ்சம் கூழாங்கல் சேர்த்தேன்.
நதி.

ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை.
தச்சு வேலை பார்க்கும் பிரிட்டோ
தரையைத் தெற்கே இரண்டு அங்குலம் சரித்தான்.
"கண்ணு நம்பலைன்னாலும்
முழங்கால் நம்பிரும்" என்றான்.
பில்லில் அந்தச் சரிவுக்குப் பெயர் கிடைக்கவில்லை.
இதர வேலைகள் என்று போட்டோம்.

ஒப்படைக்கும் நாள்.
தவமணி ஷூவோடு நடந்தார்.
நீர் மரியாதையாக விலகியது.
"இன்னும் கொஞ்சம் நீலம் ஏத்துங்க" என்றார்.
வைகை என்றைக்கு நீலமாக இருந்தது என்று
எங்களில் யாரும் கேட்கவில்லை;
இரண்டாம் தவணை பாக்கி.

அவர் பின்னால் வந்தார் கணக்கர் ஒச்சப்பன்.
செருப்பை வாசலில் விட்டார்.
வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார்.
செக் புத்தகத்தைத்
தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு
உள்ளே இறங்கினார்.
ஆமாம், இறங்கினார்.
ஆனந்தவல்லி என் கையைக் கிள்ளினாள்.

நடு ஆற்றில் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் பிடிக்கப் பதினோரு விநாடி ஆகும்,
ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோம்.
படமும் இல்லை, சத்தமும் இல்லை.
மூட்டைக்கு இன்ன விலை என்று நான் அறிந்த சிமென்ட்
இருட்டில் கிடந்தது.
யாரும் அசையவில்லை.
தவமணியின் ஷூவும்தான்.
ஒச்சப்பனின் குரல் மட்டும் வந்தது,
சற்று மேலிருந்து, எக்கி நிற்பவரின் குரல்:
"தம்பி, கரை எந்தப் பக்கம்?"

சொல்லத்தான் வாய் திறந்தேன்.
அதற்கு முன்
வலது காலை மெல்ல நீட்டி
ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.