இறக்கினது இறக்கியாச்சு

கியர்பாக்ஸ் கிடக்கிறது
விரித்த அட்டைப்பெட்டியின் மேல்.
நிபால்தோ துணியில் கை துடைத்தபடி சொல்கிறார்:
"இறக்கினது இறக்கியாச்சு.
பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துவிடுங்கள்.
அடுத்த மாதம் ஒன்பதாயிரம் பெசோ சீல் ஒன்று ஒழுகினால்
இதே கூலி, இதே இரண்டு நாள்,
இதே ஸ்டூலில் நீங்கள்."

வல்பரைசோவில் சமதரை என்பது
கடலோரம் நாலைந்து தெரு.
மற்றதெல்லாம் ஏற்றம்.
பதினாறு வருஷ நிசான்,
கூரையில் தட எண், பயணிகள் நான்கு பேர்,
விடிந்தால் என்னுடையது,
இருட்டினால் எலியோதோரோவுடையது.
என் தங்கையைப் பிரிந்தவன்
வண்டியைப் பிரியவில்லை.

கிளட்ச் தட்டில் வாதமில்லை,
ரிவெட்டின் தலை தெரிகிறது.
பிரஷர் பிளேட்டும் சரி, போகட்டும்.
ரிலீஸ் பேரிங்?
"நல்லாத்தானே இருக்கு" என்கிறான்,
விரல் ஃபோனின் கணக்குப்பொறி மேல்.
நிபால்தோ பதில் சொல்லவில்லை.
அவன் காதருகே கொண்டுபோய்ச் சுழற்றுகிறார்.
உள்ளங்கையில் மிளகு உரசும் ஓசை.
"ம்."

கேபிள் போன வருஷத்தது, தப்பித்தது.
ஆக்ஸில் சீல் இரண்டில் இடதுபக்கம் வியர்த்திருக்கிறது.
வியர்த்ததை மட்டும் மாற்று என்கிறான்.
ஒற்றைக்காலுக்குச் செருப்பு வாங்குகிறாயா என்றேன்.
சிரிக்காமல் கூட்டிக்கொண்டிருந்தான்.

கிராங்க்கின் பின்சீலில்தான் மாட்டிக்கொண்டோம்.
காய்ந்து கிடக்கிறது, ஒரு துளி இல்லை.
ஒழுகாததைத் தொடாதே என்பது அவன் கட்சி.
ஒழுகும்வரை காத்திருந்தால் யார் இறக்குவது என்பது என் கட்சி.
நிபால்தோவே இதற்குத் தோளைக் குலுக்குகிறார்.
"பழைய சீல் அந்தத் தண்டுக்குப் பழகிவிட்டது.
புதியதைக் கோணலாக அடித்தால் இன்றைக்கே ஒழுகும்.
நான் கோணலாக அடிப்பதில்லை."
கொஞ்சம் யோசித்து, "அநேகமாக."

பிறகு டார்ச்சை ஃப்ளைவீல் மேல் திருப்பினார்.
நீலம்.
மயில்கழுத்து நீலத்தில்
வட்டத்தைச் சுற்றிச் சூட்டுத் திட்டுகள்,
நடுவே மயிரிழை மயிரிழையாய்க் கீறல்.
"யாரோ மேட்டில் பிரேக்கை மிதிக்காமல்
கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்குகிறார்கள்."

யார் என்று அவர் கேட்கவில்லை.
"நான் ஹேண்ட்பிரேக் போடுவேன்" என்றான் எலியோதோரோ உடனே.
"பெரும்பாலும் போடுவேன். தூக்கம் வரும்போது..."
அவனுக்கு அவன்மேலேயே சந்தேகம்.
குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தான்,
தன் கையெழுத்தா என்று பார்ப்பவனைப் போல.

எனக்குத் தெரியும்.
மூன்றாம் வளைவு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே,
எர்மின்தா மீன்பெட்டியோடு ஏறும் இடம்.
பெட்டி முதலில், அப்புறம் அவள்,
அப்புறம் அவளுடைய சில்லறை.
ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் அந்தக் கர்ரக் சத்தத்துக்கே
"காக்க வைக்கிறேனா" என்று பதறிவிடுவாள்.
அதனால் இடதுகால் பாதியில், வலதுகால் பட்டும் படாமல்,
முன்னுமில்லை பின்னுமில்லை,
வண்டி அந்தரத்தில் நிற்கும்.
எர்மின்தாவுக்காக என்று சொல்லலாம்.
அப்படி நிறுத்தத் தெரிந்த திமிரும் உண்டு.
எர்மின்தா இல்லாத நாட்களிலும்
சிக்னலில் நான் அப்படித்தான் நிற்கிறேன்.

"லேத்துக்கு அனுப்புங்கள்," என்றேன்.
"கடைசல் கூலி என் கணக்கில்."
எலியோதோரோ நிமிர்ந்து பார்த்தான்.
ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்
என்றுதான் நினைக்கிறேன்.
அவன் கேட்டது வேறு:
"அப்போ பின்சீலையும் போட்டுடலாமா? அது என்னோடது."

நிபால்தோ அட்டைப்பெட்டியின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிக்கொண்டார்.
வலதுபக்க ஆக்ஸில் சீலைப் பற்றி
யாரும் மறுபடி பேசவில்லை.

பட்டறைச் சரிவில் வேறொரு டாக்சி
முதல் கியரில் முனகி ஏறுகிறது.
ஸ்டூலின் கீழே என் இடதுகால்
இல்லாத பெடலைப் பாதிவரை மிதித்து
நிற்கிறது.