ஏழாவது கட்டம்

இடமாற்ற விண்ணப்பத்தில் ஏழு கட்டங்கள்.
ஆறு நிரம்பிவிட்டன.
பெயர், யனிரா ஒயார்சுன்.
வேலை, நர்ஸ்.
இப்போதைய பிரிவு, குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சை.
அங்கே எத்தனை ஆண்டு? பதினொன்று.
கேட்கும் பிரிவு, டயாலிசிஸ்.
ஏழாவது, காரணம்.
அதற்கென்று விட்டிருக்கும் இடம்
என் சுண்டுவிரல் நீளம்.

புன்தா அரேனஸில் இன்று பேய்க்காற்று.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
கயிற்றைப் பிடித்து நடந்தபடி யோசித்தேன்.
களைப்பு என்று எழுதலாமா?
களைக்காத நர்ஸை எனக்குக் காட்டுங்கள்.
சம்பளம் என்றால் பொய், அங்கே குறைவு.
முதுகுவலி என்றால்
எலும்பு டாக்டரிடம் அனுப்புவார்கள்,
அவர் மாத்திரை எழுதி
திரும்ப இங்கேயே அனுப்புவார்.

வீட்டில் மைக்ரோவேவ் கூவினால்
கை தானாக ஆக்சிஜன் குமிழைத் தேடுகிறது.
ஒருநாள் சூப்பர்மார்க்கெட்டில்
யாருடைய பால் பாக்கெட்டுக்கோ பீப் என்றது எந்திரம்.
முன்னால் நின்ற பெண்ணின் தோளை இடித்துக்கொண்டு
ஓடியேவிட்டேன், இரண்டடி.
பிறகு நின்று,
அதற்காகத்தான் வந்தவள்போல
ஒரு பட்டாணி டப்பாவை எடுத்துப் படித்தேன்.
அதில் சோடியம் எவ்வளவு என்று
இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

ஓஸ்வால்தோ போ என்றும் சொல்லவில்லை
இரு என்றும் சொல்லவில்லை.
மைக்ரோவேவின் வாயை அடைக்கும் பொத்தான்
எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து
அடைத்துவிட்டு
என்னிடம் சொல்லாமலே தூங்கப் போனான்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸை வேடிக்கை பார்க்கப் போனேன்.
பன்னிரண்டு நாற்காலி.
ஊசி உறையைப் பிரிக்கும்போதே திட்டுகிறார்கள்.
என் நோயாளி யாரும் என்னைத் திட்டியதே இல்லை,
அவர்களுக்கு இன்னும் வாயே சரியாக மூடத் தெரியாது.
எவரிஸ்தோ என்று ஒரு கிழவர், நண்டுப் படகுக்காரர்,
சட்டைக்கையைச் சுருட்டி முன்னங்கையை நீட்டினார்.
தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம்.
விரல் வைத்தேன்.
என் விரல் பழகியது வேறு நாடி,
சற்று அழுத்தினால் தொலைந்துபோகும் நூல்.
இது மூடிய கைக்குள் தேனீ.
"ஓடுதா?" என்றார்.
"ஓடுது."
"தெரியும். நீ சொல்லிக் கேட்கணும்னு இருந்தது."

மூன்று நாளாக அந்த விரலில்
ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது.

"நீ போய்விட்டால்
தலையில் ஓடும் அந்த மயிரிழை நரம்பை
யார் பிடிப்பது?" என்கிறாள் ஹிமெனா.
என் விடுமுறை நாட்களில் யாரோ பிடித்திருக்கிறார்கள்.
இதை நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது.
இன்னொரு முறை நினைத்தால்
கன்னத்தில் அறைந்ததுபோல இருக்கிறது.

ஜூலையில் ஒரு பெண்குழந்தை.
பெயர் வைத்திருக்கவில்லை,
அட்டையில் தாயின் பெயர்தான்.
அவளை அந்தக் கட்டத்தில் எழுத மாட்டேன்.
ஆறு நாள் வாழ்ந்தவளை
என் மனுவுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுவது
எனக்கு ஒப்பவில்லை.

கடைசியில் ஒரே சொல் எழுதினேன்:
காது.

தலைமை நர்ஸ் இவெலிச்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தாள்.
"காதில் என்ன கோளாறு?"
"ஒன்றுமில்லை. கேட்கிறது."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை.
அறைக்கு வெளியே நான்காம் தொட்டிலின் மானிட்டர்
ஒருமுறை சிணுங்கி அடங்கியது.
இரண்டு பேருமே கதவைப் பார்த்தோம்.
பிறகு அவள் முத்திரையைத் தேடினாள்,
இழுப்பறையில், காகிதங்களுக்கு அடியில், காப்பிக் கோப்பைக்குப் பின்னால்.
அது என் முழங்கையருகே இருந்தது.
எடுத்துக் கொடுக்க எனக்குக்
கொஞ்சம் நேரமானது.