நாற்பத்தொன்பதரை டிகிரி

ஔலு துறைமுகம் உறைந்து மூன்று வாரம்.
தௌனோ லாம்சா படுத்திருக்கிறார்,
பனியுடைக்கும் கப்பலில் முப்பது வருடம்
எஞ்சினோடு மல்லுக்கட்டியவர்.
கணையத்தின் வாலில் பதினெட்டு மில்லிமீட்டர்.
உருண்டை. விளிம்பு தெளிவு.
மருந்து ஏற்றியதும் பளிச்சென்று வெளுக்கிறது.
ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில்
கட்டி என்ற சொல்லும் ஒரு கேள்விக்குறியும்.

கேள்விக்குறியை அவர்
முற்றுப்புள்ளியாகவே படித்துவிட்டார்.
படகை விற்றார்.
நாயைத் தங்கை வீட்டில் கட்டிவிட்டு வந்தார்.
அறுவைக்கு நாள் குறித்தபோது
எந்தக் கிழமை என்றுகூடக் கேட்கவில்லை.

என் வேலை சின்னது.
அவர் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து
டெக்னீசியம் ஏற்றி
வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம் வைக்கவேண்டும்.
நாற்பத்தொன்பதரை டிகிரி என்றேன்.
"அவ்வளவுதானா? என் சவுனாவில் எண்பத்தைந்து."
பத்து நாளில் அப்பா பேசிய
முதல் முழு வாக்கியம் என்றாள் மகள் சைமி.

சூடுபட்ட சிவப்பணு
விறைத்துப்போகும்,
இடுக்குகளில் நெளிந்து நுழைய வராது.
அதன்பின் அதற்கு ஒரே முகவரி,
மண்ணீரல்.
தேய்ந்த ரத்தம் எல்லாம் போய்ச் சேருமிடம்.

திருப்பி ஏற்றினேன். காத்திருந்தோம்.
திரையில் இடப்பக்கம் பெரிய வெளிச்சம்,
அது எதிர்பார்த்தது.
பக்கத்திலேயே, கணையத்தின் வாலுக்குள்,
ஒரு பட்டாணி வெளிச்சம்.

கருவில் ஐந்தாவது வாரம்
கூட்டத்தோடு போகாமல் பின்தங்கிய துணுக்கு
அடுத்த வீட்டிலேயே தங்கிவிட்டிருக்கிறது.
அறுபத்தோரு வருடம்.
வாடகை இல்லை, தகராறு இல்லை.
அங்கேயும் மண்ணீரலின் வேலையைத்தான்
பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

டாக்டர் கில்லிக்கி இரண்டு முறை சொன்னார்.
அறுவை வேண்டாம். மருந்தும் வேண்டாம்.
தௌனோ சிரிக்கவில்லை.
சட்டைப் பொத்தானை ஒன்று தவறிப் போட்டார்,
அவிழ்த்தார், மறுபடி போட்டார்.
"அப்படியென்றால் அது நான்தான்," என்றார்.
பிறகு, "என் படகு."

தாழ்வாரத்திலிருந்து சத்தம்,
மூன்று கதவு தாண்டிக் கேட்டது.
வாங்கியவன் எண்ணூறு யூரோ கூடக் கேட்கிறானாம்.
திருட்டுப் பயலே, எஞ்சினை
என் கையால் கழுவி வைத்திருந்தேனடா என்று
போனில் கத்திக்கொண்டிருந்தார்.
சைமி தடுக்கவில்லை,
சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் தொட்டித் தண்ணீரை மாற்றினேன்.
அடுத்த குழாயில் வேறொரு பெயர் எழுதினேன்.
அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுகூட இல்லை.
வெப்பமானி ஏறுவதற்குக் காத்திருந்தேன்.